இத்தோய் யார்?

துணிச்சுருளை முழுக்க விரித்துக் காட்டிய கடைக்காரன் விற்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரு முழம் விரிக்க வேண்டும். கரையைக் காட்ட வேண்டும். வந்தவள் தொட்டுப்பார்க்கக் கை நீட்டும்போது மெல்லச் சுருட்டிக்கொள்ள வேண்டும். மணிலாவின் திவிசோரியா சந்தையில் என் அம்மா இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, செய்துகொண்டே இருந்தாள். நான் துணியை விட்டுவிட்டுப் படம் விற்கப் போனேன். ட்ரெய்லரும் ஒரு முழம் துணிதான். என்ன, இங்கே கரை என்பது அழுகை.

என் குடும்பப் பெயர் உய். எங்கள் ஊரில் தெருவில் போகிறவனைக் கூப்பிட "உய்!" என்பார்கள். ஆகவே மணிலாவில் பாதிப் பேர் நாள் முழுக்க என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்துப் பார்த்து என் கழுத்தே ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

கெஸோன் சிட்டியில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல்மாடியில் எங்கள் ட்ரெய்லர் பட்டறை. வெட்டி ஒட்டுவது ஜோவென், பேரம் பேசுவது நான். கீழே பல் பிடுங்கிக்கொள்கிறவர்களின் முனகல், மேலே எங்கள் கதாநாயகிகளின் விசும்பல். எது எங்கிருந்து வருகிறதென்று படி ஏறுகிறவர்களுக்கு எப்போதும் குழப்பம்.

ஜோவென் கண்ணால் வெட்டுகிறவன் இல்லை, காதால் வெட்டுகிறவன். ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள் என்று வையுங்கள். அடியில் குட்டி கிதாரைப் போட்டால் அவள் காதலனைப் பார்க்கப் போகிறாள். பியானோவைப் போட்டால் அப்பா செத்துவிட்டார். ஒன்றுமே போடாமல் அவள் மூச்சுச் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தால், மேலே யாரோ காத்திருக்கிறார்கள். ஏறுகிறவள் அதே பெண், அதே செருப்பு, அதே படி.

"கஷ்டத்தைக் காட்ட முடியாது, உய் அண்ணே. கேக்கத்தான் வைக்கலாம்" என்பான்.

"காட்டவும் வேணாம், கேக்கவும் வேணாம். டிக்கெட் வாங்க வை, போதும்" என்பேன் நான்.

அந்த வருஷம் தயாரிப்பாளர் பாஸ் இலகான் எங்களிடம் கொண்டுவந்த படத்துக்கு 'ஏழாம் படி' என்று பெயர். வெள்ளம் வருகிறது. ஒரு சலவைக்காரி படி படியாக மேலே ஏறிப்போய்க் கடைசியில் பரணில் மாட்டிக்கொள்கிறாள். தலைக்கு மேலே தகரக் கூரை, கூரையில் ஒரு சின்ன மரக்கதவு. அது திறக்கவில்லை. இவ்வளவுதான் கதை. எங்கள் மொழியில் ஏழாம் படி என்றால் ஏழாம் வகுப்பு என்றும் பொருள் வரும். சுவரொட்டியைப் பார்த்த என் மைத்துனி, "பள்ளிக்கூடப் படமா? பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். சுவரொட்டியிலிருந்த முகம் அவளை இன்னும் நம்பவைத்திருந்தது. அது பெலிங் அரண்டாவின் முகம்.

பெலிங் அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. முப்பது வருஷமாக வேலைக்காரி வேஷத்தில் வழுக்கி விழுந்தவள். செருப்படி வாங்கியவள். மத்தியான நிகழ்ச்சியில் முகத்தில் மாவு பூசிக்கொண்டு ஆடியவள். அவள் திரையில் வந்து நின்றாலே போதும், வாயைத் திறக்க வேண்டாம், ஜனம் சிரித்துவிடும். அவளைக் கதாநாயகியாகப் போட்டது டைரக்டர் ஃபெர்ரியோலின் பிடிவாதம். பாஸ் இலகான் ஒத்துக்கொண்டது பேரம் படிந்ததால்.

நாங்கள் செய்த முதல் ட்ரெய்லரில் நல்ல பியானோ இருந்தது, நல்ல மழை இருந்தது, அவள் கண்ணீரும் இருந்தது. ஒரு தியேட்டரில் வேறு படத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தோம். அவள் நனைந்த தலையோடு பரணுக்கு ஏறும் இடத்தில் அரங்கமே சிரித்தது. வழுக்குவாள் என்று காத்திருந்தார்கள். அவள் வழுக்கவில்லை என்றதும் அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் பெலிங் அக்கா பட்டறைக்கு வந்தாள். கையில் பன்சித் நூடுல்ஸ் பொட்டலம். எங்கள் ஊரில் வெறுங்கையோடு யாரும் அழ வரமாட்டார்கள்.

"கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்டா. தலையில துண்டு போட்டுக்கிட்டு" என்றாள். "பக்கத்து சீட்டுக்காரி என் தொடையிலயே தட்டித் தட்டிச் சிரிக்கிறா."

"ஜனங்களுக்குப் புரியல, அக்கா" என்றேன்.

"நல்லாப் புரிஞ்சிடுச்சு. பெலிங் வந்தா சிரிக்கணும். முப்பது வருஷமா நான்தானே பழக்கினேன்?" நாற்காலியை ஜோவென் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தம்பி, எனக்கு வயசு நாப்பத்தெட்டு. இன்னொரு படம் இப்படி வராது. ஒரே ஒரு தடவை ஜனம் சிரிக்காம என்னைப் பாக்கணும். அது நடக்கலேன்னா திரும்பப் போய் மாவு பூசிக்கவேண்டியதுதான். என் மூஞ்சியைக் காட்டாம இந்தப் படத்தை விக்க முடியுமா?"

ஜோவென் பன்சித்தை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்தால் உள்ளுக்குள் எதையோ வெட்ட ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படம் முடிந்து ட்ரெய்லர் செய்வதாக வெளியில் நினைக்கிறார்கள். படம் முடிவதற்குள் ட்ரெய்லர் ஊரைச் சுற்றி வந்துவிடும். எங்களிடம் கதை வராது, துண்டுதான் வரும். எடுத்தது, எடுக்கத் தவறியது, "கட்" சொன்ன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது என்று அத்தனையும் ஒரே மூட்டையாக வரும். கதைச் சுருக்கம் என்று ஒரு பக்கம் கொடுப்பார்கள். அது மாறி மாசக்கணக்காகியிருக்கும். மூட்டைக்குள் கையை விட்டு எது மின்னுகிறதோ அதை எடுப்போம். அது யாருடைய சட்டையிலிருந்து விழுந்த பொத்தான் என்று கேட்பதில்லை.

அப்படித்தான் ஜோவென் அந்தக் குரலைக் கண்டெடுத்தான்.

என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். முதலில் தண்ணீர் தளும்பும் சத்தம். மரத்தைக் கை அறையும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்: "இத்தோய்! திற! இத்தோய், திறடா! தண்ணி ஏறுது, இத்தோய்!"

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பேரம் பேசுகிறவனுக்கு முதுகுத்தண்டு எளிதில் சில்லிடாது. சில்லிட்டால் விலை ஏறிவிடும் என்று பழகினவன்.

"யாருடா இந்த இத்தோய்?"

"மகனா இருக்கும்" என்றான் ஜோவென்.

"இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"என்னமோ ஆளுங்க சிரிக்கிறாங்க. கட் சொன்னதுக்கு அப்புறம்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன்."

இரண்டாவது ட்ரெய்லரில் பெலிங் அக்காவின் முகம் கிடையாது. ஒரு கை பூண்டுச் சோற்றில் கருவாட்டைப் பிய்த்துப் போடுகிறது. வானொலியில் யாரோ ஜோக் சொல்கிறார்கள். கதவிடுக்கு வழியே தண்ணீர் வந்து ஒரு ரப்பர் செருப்பைத் தொட்டு, தூக்கி, திருப்பி விடுகிறது. துணிமூட்டையோடு இரண்டு பாதங்கள் படி ஏறுகின்றன. வானொலி நிற்கிறது. அப்புறம் இருட்டு. அந்த இருட்டில் அந்தக் குரல். குரலும் சட்டென்று அறுந்து, படத்தின் பெயர். பியானோ இல்லை, மழைகூட இல்லை.

அதே தியேட்டரில் ஓட்டினோம். எனக்கு முன்வரிசையில் ஒருவன் சோளப்பொரியைக் கையில் எடுத்தான். அது அவன் வாய்க்குப் போகவேயில்லை.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் கணக்கில் இல்லாதது. செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பித்துவிடுகிற ஊர் இது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டையும் மீறி ஒரே கேள்வி: இத்தோய் யார்? அக்கறையில்லாத மகன் என்றார்கள் சிலர். விட்டுவிட்டு ஓடிய புருஷன் என்றார்கள் சிலர். வெளிநாட்டில் வேலை செய்கிற தம்பி, அவனுக்கு எப்படிக் கேட்கும், பாவம் என்று ஒரு ரேடியோக்காரர் நேரலையில் அழுதேவிட்டார். ஜீப்னி வண்டிகளின் பின்புறத்தில் எழுதினார்கள். திவிசோரியாவில் என் ஒன்றுவிட்ட அண்ணன் 'நான்தான் இத்தோய்' என்று பனியன் அச்சடித்துத் தொங்கவிட்டான். எனக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தான். அவன் இலவசமாகக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெலிங் அரண்டாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. "இப்படி ஒரு நடிகை இத்தனை வருஷமா எங்க ஒளிஞ்சிருந்தா?" என்று பத்திரிகையில் கேட்டார்கள். கடைத்தெருவில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாளாம். அதை அக்கா என்னிடம் போனில் சொன்னாள். சொன்ன விதத்தில் சந்தோஷத்துக்கு நடுவே ஏதோ கல் கடித்தது. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

பிறகு பாஸ் இலகான் கூப்பிட்டார்.

"உய்! இத்தோய் யாருய்யா?"

"பாஸ், படம் உங்களுது."

"என் படத்துல இத்தோய்னு ஒருத்தனும் கிடையாது!"

அவருடைய அறைக்கு நானும் ஜோவெனும் போனபோது டைரக்டர் ஃபெர்ரியோலும் பெலிங் அக்காவும் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தோய் என் தச்சன்" என்றார். "செட்டுல கூரை மேல நின்னுக்கிட்டு கதவைத் திறந்து மூடறவன்."

ஜோவெனின் முகம் வெளுத்தது. "அப்ப அந்தக் குரல்?"

டைரக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். டைரக்டரே சொன்னார். அன்றைக்குக் காட்சி முடிந்து அவர் கட் சொல்லிவிட்டார். கூரைக்கதவின் பலகை புதுசு. தண்ணீர் குடித்து உப்பி, சட்டத்துக்குள் இறுகிவிட்டது. தொட்டியில் தண்ணீர் விடுகிற குழாயை யாரும் மூடவில்லை. அவள் உள்ளேயிருந்து கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிச்சீங்களா?" என்றேன்.

"பெலிங் அக்காய்யா! எப்பவும் எதையாவது பண்ணி எங்களைச் சிரிக்கவைக்கிறவங்க. வழக்கமான கூத்துன்னு நினைச்சிட்டோம். இத்தோய்தான் கடப்பாரையைப் போட்டு நெம்பினான். வெளியில வந்ததும் அக்காவும் எங்களோட சேர்ந்து சிரிச்சாங்க."

"வேற என்னடா செய்யறது?" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடியே.

பாஸ் இலகான் மேஜையைத் தட்டினார். அவர் வருத்தப்படுகிறார் என்று ஒரு கணம் ஏமாந்துவிட்டேன். "ஆகா! நிஜம்! அதான் அப்படி இருக்கு! சரி, நடந்தது நல்லதுக்கு. இப்ப ஆக வேண்டியதைப் பாருங்க. ஜனம் இத்தோயைத் தேடி வரப்போகுது. உள்ள இத்தோய் இல்லேன்னா நாற்காலியைப் பிடுங்கிடுவாங்க. இத்தோய் மகன். கூரை மேல நிக்கிறான், கதவைத் திறக்க முடியல. இந்தக் காட்சியை எடுத்துச் சேர்த்துடுங்க."

"இருக்கிற குரலையே ஒட்டிடலாமே, பாஸ்" என்றான் ஜோவென். குரல் மெலிந்திருந்தது.

"முகம் வேணும்" என்றார் டைரக்டர். "அந்த நேரத்துல கேமரா ஓடல. ஒலிப்பதிவு மட்டும் ஓடியிருக்கு. இருட்டுல வச்சு ட்ரெய்லர் வித்துட்டீங்க. படத்துல இருட்டைக் காட்டினா திருட்டுத்தனம்."

அக்காவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் எனக்குத் தெரிந்த தொழிலைத் தொடங்கினேன்.

"பாஸ், வேற பொம்பளையைத் தொட்டியில இறக்குவோம். முதுகை மட்டும் காட்டுவோம்."

"முகம்னு சொன்னாரே, காதுல விழலையா?"

"சரி, முகம். தண்ணி எதுக்கு? தலையை நனைச்சு காஞ்ச பரண்ல உக்காரவச்சா போதாதா?"

"கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்கிறவ மூச்சு வேற, உய்" என்றார் டைரக்டர். "உங்க ஜோவெனையே கேளுங்க."

ஜோவென் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அவனோடு பேரத்துக்குப் போகவே கூடாது.

"அப்ப தண்ணி இடுப்பு வரைக்கும். மார்பு வரைக்கும்?"

"உய், நீ காய்கறியா வாங்குறே?" என்றார் பாஸ்.

"நான் இறங்கமாட்டேன்" என்றாள் பெலிங் அக்கா.

பாஸ் இலகான் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தப்பிக்க வழி இருந்திருக்கும். எழுந்துவந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"வேணாம், அக்கா. கட்டாயம் இல்ல. ஜனங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுவோம். அது நடிப்பு இல்ல, பெலிங் உள்ள மாட்டிக்கிட்டு அலறினதுன்னு சொல்லிடுவோம். அப்புறம் உங்களை நடிகைன்னு எவன் சொல்லுவான்? அதையும் யோசிச்சுக்குங்க."

திவிசோரியாவில் இப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை. அங்கே பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். இங்கே இரண்டு வாசல். ஒன்று தண்ணீருக்குள் போகிறது, இன்னொன்று மாவு டப்பாவுக்குப் போகிறது.

அக்கா அந்த இரண்டாவது வாசலைத்தான் முதலில் தட்டிப் பார்த்தாள். அந்த வாரமே பத்திரிகையாளர் கூட்டம். ஹோட்டல் அரங்கம், பெரிய பதாகை, தட்டில் வாழைப்பழச் சுருள். முதல் கேள்வியே அதுதான். ஒரு பெண் எழுந்து, "மிஸ் அரண்டா, இத்தோய் யாருன்னு ஒரு சின்ன துப்பாவது கொடுங்களேன்" என்றாள்.

பாஸ் மேஜைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தார். எனக்குத் தெரிந்தது. மேஜைவிரிப்பு ஆடியது.

அக்கா ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தாள். "இத்தோய் எங்க செட்டு தச்சன். அன்னிக்குக் கதவு மாட்டிக்கிச்சு. நான் நடிக்கல. நான் செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன்."



அரங்கமே வெடித்துச் சிரித்தது. கேள்வி கேட்ட பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "பெலிங்! நீ மாறவே மாட்டே!" கைதட்டல். மறுநாள் ஒரு பத்திரிகை 'ரகசியத்தைக் காக்க பெலிங்கின் குறும்பு' என்று தலைப்பே போட்டது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முகம் அதுவாகவே பழக்கத்தில் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். காரில் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: "பாத்தியா, உய். உண்மைக்கும் என் மூஞ்சி ஒத்துவரல."

"இப்ப என்ன செய்யப்போறீங்க, அக்கா?"

"என்ன செய்யறது? இறங்கறேன்."

ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் தொட்டி. கறுப்புத் தண்ணீர், நடுவில் மரத்தூண்கள், தூண்கள் மேல் பரண், பரண் சுவரில் கேமராவுக்கு மட்டும் ஒரு துவாரம், பரணுக்கு மேல் தகரக் கூரை. நானும் ஜோவெனும் போனோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை. அன்று வீட்டிலிருந்திருந்தால் சோறு இறங்கியிருக்காது.

இத்தோயை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். குட்டையான மனிதர், தொப்பை, உதட்டில் பல்குத்தி. ஊரெல்லாம் தேடுகிற ஆள் கூரை ஓரத்தில் உட்கார்ந்து இழைப்புளியால் கதவின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"பெரிய ஆளாயிட்டீங்களே" என்றேன்.

"நீங்க வேற, சார். பொண்டாட்டி சோறு போடமாட்டேங்குறா. எவ அவ, உன் பேரைச் சொல்லி ஊர் பூரா அழுவுறாங்குறா. நான் தச்சன்டீன்னா, தச்சனை எவ அழுது கூப்பிடுவாங்குறா." சீவலை ஊதித் தள்ளினார். "கதவை நல்லாத் தளர்த்திட்டேன். தாழ்ப்பாளையும் கழட்டிட்டேன். சுண்டுவிரலால தொட்டாத் திறந்துக்கும். அக்காகிட்டச் சொல்லிட்டேன்."

மகன் வேஷத்துக்கு ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். அவன் பங்கைப் பிறகு தனியாக எடுத்துக்கொள்வார்களாம். இப்போது கூரைமேல் நிற்பது அசல் இத்தோய்தான்.

பெலிங் அக்கா சலவைக்காரியின் கிழிந்த சட்டையோடு வந்தாள். ஏணியில் கூரைக்கு ஏறி, கூரைக்கதவு வழியே பரணுக்குள் இறங்கிக் கதவை மூடிக்கொண்டாள். அங்கே தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டது. டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார்.

சத்தமே வரவில்லை.

எல்லாரும் காத்திருந்தோம். தண்ணீர் தூணில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு கூரைக்கதவு சுலபமாகத் திறந்தது. அக்காவின் தலை வெளியே வந்தது.

"வரல" என்றாள். "கதவு திறந்து கிடக்கு. திறந்து கிடக்கிற கதவுகிட்ட எப்படிக் கெஞ்சறது?"

"பூட்டுங்க" என்றார் பாஸ் இலகான், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"பாஸ்!" என்றேன்.

"நீ சும்மா இரு, உய். இது துணிக்கடை இல்ல."

இத்தோய் எழுந்து நின்றார். கையில் சுத்தியல் இருந்தது. யாரையும் அடிக்கப்போகிறவர் மாதிரி இல்லை, எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி இருந்தார். "நான் பூட்டமாட்டேன்" என்றார்.

அக்கா கதவு விளிம்பில் கைகளை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் ஏறி வந்து துண்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று வேண்டிக்கொண்டேன்.

"தாழ்ப்பாளை மாட்டு, இத்தோய்" என்றாள்.

"அக்கா..."

"மாட்டுடா. அதை மாட்டலேன்னா நாள் பூரா இந்தத் தண்ணியில கிடக்கணும்."

அப்போதுதான் அந்தச் சிக்கல் எனக்கு உறைத்தது. கூரை ஓரமாக ஏறிப் போனேன். "அக்கா, ஒரு நிமிஷம். உங்க வசனம் என்ன?"

"இத்தோய், திற. தண்ணி ஏறுது."

"நிஜமாவே பயம் வந்தா என்னன்னு கூப்பிடுவீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இத்தோயின் உதட்டிலிருந்த பல்குத்தி ஆடாமல் நின்றது.

"வேற ஒரு வார்த்தை வச்சுக்குவோம்" என்றேன். "கருவாடுன்னு கத்துங்க. இல்ல, என் பேரைச் சொல்லுங்க, உய்னு."

"உய்னு கத்தினா தெருவுல போறவன்கூடத் திரும்பிப் பாப்பான்" என்றாள். பற்கள் தந்தியடித்தன, ஆனாலும் அவளுக்கு ஜோக் வந்தது. "பயந்துபோனவளுக்கு அகராதி எங்கடா ஞாபகம் வரும்? அன்னிக்கு என் வாயில புருஷன் பேரு வரல, சாமி பேரு வரல. கதவுக்கு அந்தப்பக்கம் யாரு இருந்தானோ அவன் பேருதான் வந்துச்சு. அதையும் எடுத்து வித்துட்டீங்க. என்கிட்ட இப்ப வேற வார்த்தை இல்ல."

எனக்குப் பின்னால் ஜோவென் நின்றிருந்தான். அவனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் தலை உள்ளே போனது. இத்தோய் தாழ்ப்பாளை மாட்டினார். "ஆக்‌ஷன்."

முதலில் கை, மரத்தை அறைந்தது. ஒரு தடவை, சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு, "இத்தோய்." கூப்பிடவில்லை, விசாரிக்கிற மாதிரி. "இத்தோய், இருக்கியா?" பிறகு குரல் உயர்ந்தது. "திற. இத்தோய், திற! தண்ணி ஏறுது!" ஹெட்போனில் நான் கேட்ட குரல் இல்லை இது. அதைவிட மோசமாக இருந்தது. அதில் பயம் மட்டும் இருந்தது. இதில் பயந்துகொண்டிருக்கிறவளுக்குத் தன் பயத்தின் மேலேயே வெட்கம் இருந்தது. திறக்கமாட்டான் என்று தெரிந்தும் கேட்கிற குரல்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. மானிட்டர் திரையில் அவள் முகத்தைக் கண்ணால் விழுங்கிக்கொண்டிருந்தார். பாஸ் இலகான் முஷ்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். கிடங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அசையவுமில்லை.

"இத்தோய்! எனக்கு முடியல! இத்தோய்!"

இத்தோய் டைரக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? திற என்றால் போவது அவள் வாழ்க்கை, திறக்காதே என்றால் போவது அவள் உயிர். விலை சொல்லியே வளர்ந்த எனக்கு ஒன்றுக்கும் விலை தெரியவில்லை.

"இத்தோ..." என்று ஆரம்பித்த குரல் தண்ணீருக்குள் அமுங்கியது.

அவர் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைப் பிளந்துவிட்டார். குப்புறப் படுத்து இரண்டு கையையும் உள்ளே விட்டார். "அக்கா! அக்கா, பிடிச்சுக்கங்க!"

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. தானாகவே விளிம்பைப் பற்றி மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள், பிறகு பளாரென்று அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

"மடையா! யாருடா திறக்கச் சொன்னது?"

"நீங்கதானே அக்கா... முடியலன்னு..."

"நடிச்சுக்கிட்டிருந்தேன்டா!" அவள் கத்தியது கிடங்கின் தகரத்தில் மோதித் திரும்பியது. "முழுசா என் கைக்குள்ள இருந்துச்சு! இன்னும் ஒரு மூச்சு இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும்! கெடுத்துட்டியேடா!"

ஜோவென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டைரக்டர் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் அத்தனை பேரையும் பார்த்தேன். ஒருவருக்கும் அது நடிப்பு என்று தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. எத்தனை தூரம் தெரிந்திருந்தது என்பதை இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை.

"இதுவரைக்கும் உள்ளது போதும், அக்கா" என்றார் டைரக்டர். "ஒட்டிக்கலாம். வெளியில வாங்க."

"ஒட்டிக்கவா?" அவள் ஜோவெனைப் பார்த்தாள், டைரக்டரைப் பார்த்தாள். "ஒட்டினதெல்லாம் போதும். முழுசா ஒரு தடவை எடுங்க. துண்டு வேணாம், இப்படியே இறங்கறேன்."

பாஸ் இலகான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவள் கால்களை உள்ளே விட்டாள். தண்ணீர் மார்புக்கு வந்தது. இத்தோய் கதவைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் தோளில் அவளுடைய ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

"அக்கா," என்றார் தாழ்ந்த குரலில், "இப்ப நீங்க கத்தினா நான் என்ன செய்யணும்?"



"டைரக்டர் சொல்ற வரைக்கும் திறக்காதே" என்றாள். கழுத்து வரை இறங்கிவிட்டாள். அப்புறம் சொன்னாள்: "ஆனா இங்கேர்ந்து போயிடாதே."

இத்தோய் கதவை மூடி, தாழ்ப்பாளை மாட்டி, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.